ஓசைக்கு உரிமம்: 1861 முதல் இந்திய நகரங்களின் இரைச்சல் சட்டம்

இந்திய நகரங்களின் இரைச்சலைக் குறித்த சட்ட உரையாடல் வழக்கமாக 2000ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கப்படுகிறது. அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று ஒன்றிய அரசு அறிவிக்கை செய்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளே, பல திருத்தங்களுடன், இன்றும் நடப்பில் உள்ளன. தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப்பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. அமைதி மண்டலத்தில் 50, 40. காலை 6 முதல் இரவு 10 மணிவரை பகல்; மற்றது இரவு. இந்த அட்டவணையை மட்டும் காண்பவருக்கு, அளவுகருவியிலிருந்தே பிறந்த சட்டம் இது என்று தோன்றும்.

அதே விதிகளில் 8ஆம் விதியைப் படித்தால் வேறொரு குரல் கேட்கிறது. அங்கே டெசிபல் இல்லை. பொதுமக்களுக்கு எரிச்சல், இடையூறு, அசௌகரியம், ஊறு ஆகியவை நேராமல் தடுப்பதற்காக, குரலிசையையும் கருவியிசையையும், கருவிகளை அடிப்பதாலும் ஊதுவதாலும் மோதுவதாலும் எழும் ஓசையையும் நிறுத்தும்படி அதிகாரி எழுத்துமூலம் ஆணையிடலாம். அதற்கு அவருக்கு வேண்டியது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அறிக்கையோ பிற தகவலோ மட்டுமே. இச்சொற்கள் பெரும்பாலும் 1951ஆம் ஆண்டின் பம்பாய் காவல் சட்டம், 38ஆம் பிரிவின் சொற்களே. சுற்றுச்சூழல் விதி ஒன்றின் நடுவில் காவல் சட்டம் ஒன்று ஏறத்தாழ உருமாறாமல் குடியிருக்கிறது.

இந்த ஒட்டு தற்செயலானதன்று. இந்தியாவின் இரைச்சல் சட்டத்துக்கு இரண்டு முன்னோர் உண்டு. ஒன்று, தெருவில் யார் எங்கே எப்போது ஓசை எழுப்பலாம் என்று தீர்மானித்த காலனிய ஒழுங்குச் சட்டம். மற்றொன்று, எவ்வளவு ஓசை உடலுக்குக் கேடு என்று கேட்ட பிற்கால நலவாழ்வுச் சட்டம். பின்னது முன்னதை அகற்றிவிட்டு வரவில்லை. அதன்மேல் ஏறி அமர்ந்தது. இன்று அனுமதி பெறுவதிலும் புகார் அளிப்பதிலும் மக்கள் சந்திக்கும் குழப்பங்களில் பல இந்த இரட்டைப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

தெருவும் மேளமும்

1857 எழுச்சிக்குப் பின் இயற்றப்பட்ட 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஊர்வலங்களையும் கூட்டங்களையும் நெறிப்படுத்தவும் அவற்றுக்கு உரிமம் வழங்கவும் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. அதன் ஓர் உட்பிரிவு, திருவிழா, சடங்கு நாள்களில் தெருக்களில் இசை எந்த அளவுக்குப் பயன்படலாம் என்பதையும் காவல்துறையே வரையறுக்க இடமளித்தது. அதற்கு ஓராண்டு முன் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘பொதுத் தொல்லை’ என்ற பொதுக் குற்றம் இருந்தது. அதற்கான தண்டனை அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம். வழிபாட்டுக் கூட்டத்துக்கு இடையூறு செய்வது தனிக் குற்றம். ஓசையைப் பற்றிய சட்டக் கருவிகள் அன்று ஏறக்குறைய இவ்வளவே. இவற்றுள் எதுவும் தூக்கத்தைப் பற்றியோ காதின் நலத்தைப் பற்றியோ கவலைப்படவில்லை. கவலையெல்லாம் கலவரத்தைப் பற்றியது.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. மசூதி முன் மேளம் அடித்துச் செல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊருக்கு ஊர் வழக்காகவும் மோதலாகவும் மாறியது. சேலத்தில் 1882இல் இதே பூசல் கலவரமாக வெடித்தது. பின்னாளில் காங்கிரஸ் தலைவராக விளங்கிய சி. விஜயராகவாச்சாரியார் அக்கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். தெருவில் இசையுடன் ஊர்வலம் செல்லும் உரிமை எவ்வளவு, அதைத் தடுக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்ற கேள்வி 1883இல் சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 1893இல் பம்பாயில் பெருங்கலவரம். அதையொட்டிய ஆண்டுகளில் புனேயில் திலகர் முன்னின்று பரப்பிய பொது விநாயகர் விழா, ஊர்வல இசையைப் புதியதோர் அரசியல் மேடையில் ஏற்றியது.

இவ்வழக்கு வரிசையை இந்து–முஸ்லிம் பூசலாக மட்டும் சுருக்கிவிட முடியாது. தெருவில் சமய ஊர்வலம் செல்லும் உரிமைக்கு இந்தியச் சட்டத்தில் அடிப்படையாகக் காட்டப்படும் மன்சூர் ஹசன் எதிர் முகமது ஜமான் வழக்கு, 1920களின் நடுவில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அதில் ஷியா முஸ்லிம்களின் முகரம் ஊர்வலம், சுன்னி மசூதி ஒன்றின் முன் நின்று மார்பில் அடித்துப் புலம்பும் சடங்கே பூசலுக்குப் பொருள். உரியமுறைச் சடங்குகளோடு பொதுத்தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை உண்டு, ஆனால் அது மாஜிஸ்ட்ரேட்டின் ஆணைகளுக்கும் பிறரின் தெரு உரிமைக்கும் உட்பட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

இக்காலத்து ஆவணங்களில் ஓசைக்கு அளவு இல்லை, முகவரி உண்டு. எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்தத் தெரு, எந்த வேளை என்பனவே பதிவாகின்றன. உரிமம் என்பது மெல்ல வாசிக்கச் சொல்லும் சீட்டன்று. யாருக்கு அந்தத் தெருவில் வழக்காறு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதற்கான சான்று. அதனால்தான் உரிமத்துக்காக அவ்வளவு போராட்டம் நடந்தது.

குரலா, கருவியா?

1930களில் ஒலிபெருக்கி இந்திய அரசியலின் உடைமையாயிற்று. காங்கிரஸ் மாநாட்டுப் படங்களில் தலைவர்களின் முன் நிற்கும் ஒலிவாங்கிகளில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பம்பாய் நிறுவனத்தின் பெயரைக் காணலாம். விடுதலைக்குப் பின் அதே கருவி தேர்தல் மேடைக்கும், கோவிலுக்கும், மசூதிக்கும், தேவாலயத்துக்கும், கல்யாணப் பந்தலுக்கும் சென்றது. வாடகைக்குக் கிடைத்த கூம்பு ஒலிபெருக்கி, மேளக்காரரின் மூச்சுக்கும் கைக்கும் இருந்த இயல்பான எல்லையை நீக்கிவிட்டது. நாதஸ்வரக்காரர் களைப்பார்; இசைத்தட்டு களைக்காது.

புதிய அரசியலமைப்புச் சட்டம் பழைய உரிமத்துக்குப் புதிய கேள்வியை எழுப்பியது. பேச்சுரிமை உள்ள குடிமகன் அப்பேச்சைப் பெருக்கும் கருவிக்கும் உரிமை உடையவனா? 1958இல் தொகுக்கப்பட்ட அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்று, இயந்திரக் கருவியைப் பயன்படுத்துவது பேச்சுரிமைக்குள் அடங்காது என்றது. 1990களின் தொடக்கத்தில் பி.ஏ. ஜேக்கப் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. ஒலிபெருக்கிக்குத் தரப்பட்ட அனுமதி, கலவர அச்சத்தின் பெயரால் திரும்பப் பெறப்பட்டதே அவ்வழக்கின் பின்னணி. பேசுவதற்கு உரிமை உண்டு. கேட்க விரும்பாதவரின் வீட்டுக்குள் ஒலியைச் செலுத்துவதற்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் முடிவுகண்டது. வழக்கு தொடங்கியது ஒழுங்கின் மொழியில். முடிந்தது கேட்பவரின் மொழியில்.

அடைப்புக்குறிக்குள் ஒரு மாசு

இதற்கிடையே, இரைச்சல் வேறொரு வாசல் வழியாகவும் சட்டத்துக்குள் வந்திருந்தது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், காற்றை மாசுபடுத்தும் பொருளைத் திட, திரவ, வாயுப் பொருள் என்று வரையறுத்தது. 1987இல் செய்த திருத்தம் அவ்வரையறைக்குள், அடைப்புக்குறியிட்டு, இரைச்சலையும் உள்ளடக்கும் சொற்களைச் சேர்த்தது. இரைச்சல் திடமுமன்று, திரவமுமன்று, வாயுவுமன்று. அது ஓர் அதிர்வு. ஆயினும் அந்தச் சிறிய அடைப்புக்குறிதான் இரைச்சலைக் காவல் நிலையக் குறிப்பேட்டிலிருந்து மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசைக்கும் கொண்டுசென்றது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் பகுதிவாரி டெசிபல் தரங்கள் வந்தன; 1999இல் பட்டாசுக்கு, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில், 125 டெசிபல் என்ற உச்சவரம்பு வந்தது.

தரம் இருந்ததே தவிர, அதைக் கையிலெடுத்துச் செயல்படும் அதிகாரி யார் என்ற தெளிவு இல்லை. 2000ஆம் ஆண்டு விதிகள் அந்த இடைவெளியை நிரப்பின. ‘அதிகாரி’ என்று அவை சுட்டியது மாவட்ட மாஜிஸ்ட்ரேட், காவல் ஆணையர் அல்லது துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலரை. அளவு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் துறையிலிருந்து வந்தது. கை பழைய கையாகவே இருந்தது.

கேட்காதிருக்கும் உரிமை

1996இல் ஓம் பிரங்கனா சமயச் சங்க வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி வழங்கிய தீர்ப்பு இத்துறையில் திருப்பமாக அமைந்தது. வழக்குத் தொடுத்தது ஓசையால் துன்புற்றவர் அல்லர். ஒலிவாங்கிக்கு அனுமதி வேண்டிய சங்கமே. ஆனால் நீதிபதி கேள்வியைத் திருப்பிப் போட்டார். பேசும் உரிமைக்குள் கேட்காதிருக்கும் உரிமையும் அடங்கும். எந்தக் குடிமகனையும் சிறைப்பட்ட செவியாளராக ஆக்க முடியாது என்றார். அனுமதி கேட்டவரும் கொடுப்பவரும் மட்டுமே இருந்த வழக்கு மன்றத்தில், அதுவரை பெயரில்லாதிருந்த மூன்றாமவர் ஒருவர் நுழைந்தார்: சுவருக்கு அப்பால் படுத்திருப்பவர்.

2000 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்த்த சர்ச் ஆஃப் காட் வழக்கு சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் எழுந்தது. தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளம் ஆகியவற்றை எதிர்த்துக் குடியிருப்போர் நலச்சங்கம் முறையிட்டது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கூறி, தேவாலயத்தின் மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பலரும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அப்பகுதியின் இரைச்சலுக்குத் தேவாலயம் மட்டுமே காரணமன்று, நெடுஞ்சாலை வாகனங்களும் காரணம் என்று அளவீட்டு அறிக்கைகள் காட்டின. ஒலிபெருக்கிக்கு உரிமையாளர் உண்டு. அவரை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். போக்குவரத்து இரைச்சலுக்கு அத்தகைய முகவரி இல்லை. முகவரி தேடும் பழைய சட்டம், அளவு தேடும் புதிய சட்டத்துக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இவ்வழக்கைப்போல் தெளிவாகக் காட்டுவது அரிது.

2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி, நீதிபதி அசோக் பான் அமர்வு வழங்கிய தீர்ப்பு, பொறியாளர் ஒருவர் 1998இல் தொடுத்த பொதுநல மனுவிலிருந்து வந்தது. வன்கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமியின் கூக்குரல் ஒலிபெருக்கிப் பேரொலியில் அமிழ்ந்துபோன செய்தியே அம்மனுவைத் தூண்டியது. அரசியலமைப்பின் 21ஆம் கூறு உறுதிசெய்யும் வாழ்வுரிமையில் அமைதியாக வாழும் உரிமையும் அடங்கும். 19ஆம் கூறின் பேச்சுரிமையைக் கேடயமாகக் கொண்டு இரைச்சல் எழுப்ப எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பொது இடத்தின் எல்லையில் அப்பகுதித் தரத்தைவிட 10 டெசிபலுக்கு மேலோ 75 டெசிபலுக்கு மேலோ, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல், ஒலி செல்லக் கூடாது. தனியார் இடமாயின் எல்லையில் 5 டெசிபல்தான் கூடுதலாக இருக்கலாம். இரவில் குடியிருப்புப் பகுதியில் வாகன ஒலிப்பான் கூடாது. இக்கட்டளைகள் 2010இல் விதிகளிலேயே இடம்பெற்றன.

பதினைந்து நாள்

எழுத்துமூல அனுமதியின்றி ஒலிபெருக்கி கூடாது. அரங்கு, மாநாட்டுக் கூடம் போன்ற மூடிய இடங்களிலன்றி இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதியே கூடாது. இது 5ஆம் விதி. 2002 அக்டோபரில் அதனோடு ஒரு விலக்கு சேர்ந்தது: பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் பதினைந்து நாளுக்கு மிகாமல் இரவு 10 முதல் 12 மணிவரை மாநில அரசு அனுமதிக்கலாம். 2005 அக்டோபர் 28 அன்று உச்சநீதிமன்றம் இவ்விலக்கைச் செல்லும் என்றது. ஆனால் மாநில அரசு அந்த அதிகாரத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்றும் வரம்பிட்டது.

பதினைந்து என்ற எண்ணுக்கு ஒலியியல் அடிப்படை எதுவும் இல்லை. நோயாளியின் செவி விழா நாளில் வேறாகிவிடாது. அந்த எண் ஓர் அரசியல் ஒப்பந்தம். அந்தப் பதினைந்தில் எந்த விழாவுக்கு எத்தனை நாள் என்று பங்கிடும்போது, 1861இன் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது: யாருடைய ஓசைக்கு உரிமம்?

அமைதி மண்டலமும் அவ்வாறே. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று நீண்டகாலம் கொள்ளப்பட்டது. 2016 ஆகஸ்டில் மகேஷ் பேடேகர் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் இவ்விதிகளைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த விரிவான ஆணைகள் இட்டது. 2017 ஆகஸ்ட் 10 அன்று ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி, மாநில அரசு தனியே அறிவித்தாலன்றி அமைதி மண்டலம் இல்லை என்றாக்கியது. விநாயகர் விழா நடந்துகொண்டிருந்த செப்டம்பர் 1 அன்று உயர்நீதிமன்றம் அத்திருத்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் 4 அன்று உச்சநீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. மறுநாள் விநாயகர் சிலைகள் கடலுக்குச் சென்றன. மருத்துவமனைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த அமைதி மட்டும் சில நாள்களுக்குள் இல்லாமலாகி, வந்து, மீண்டும் இல்லாமலாயிற்று.

புகாரின் கணக்கு

புகார் அளிப்பவரின் நிலையைக் காண 7ஆம் விதியைக் கணக்கோடு படிக்க வேண்டும். பகுதித் தரத்தைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்தால் புகார் அளிக்கலாம் என்பது அதன் முதல் வடிவம். டெசிபல் மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகிறது, செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. ஆகவே குடியிருப்பில் இரவுத் தரம் 45 எனினும், புகாருக்கான வாசல் 55இல்தான் திறந்தது. இடைப்பட்ட வெளியில் மீறல் உண்டு, முறையிட வழியில்லை. 2010 திருத்தமே, இரவுக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் அளிக்கலாம் என்று சேர்த்தது. எனவே இரவு 10 மணிக்குப்பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஒலித்தால், புகார் தருபவர் டெசிபலை மெய்ப்பிக்கத் தேவையில்லை, மணியே போதும்.

பகலில் அந்த வசதி இல்லை. தரங்கள் கால அளவு முழுமைக்குமான சராசரி மதிப்பால் குறிக்கப்படுபவை. நொடிப்பொழுது வெடியும் ஒலிப்பானும் நீண்ட சராசரியில் கரைந்துவிடும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்பு வலையமைப்பு சென்னை, மும்பை, கொல்கத்தா உட்பட ஏழு பெருநகரங்களில் எழுபது நிலையங்களாக வளர்ந்தது. ஒரு நகருக்குப் பத்து. அவை நகரத்தின் இரைச்சலைப் பதிவுசெய்கின்றன. ஒரு தெருவின் புகாருக்குச் சான்றாவதில்லை. அச்சான்று காவலர் கையிலுள்ள கருவியையும், அவர் வந்து சேரும் நேரத்தையும் பொறுத்தது. அவர் வரும்போது ஒலி குறைந்திருக்கும். புகார் தந்தவர் யார் என்பது மட்டும் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த அச்சத்தைச் சட்டம் காலந்தாழ்ந்தே ஒப்புக்கொண்டது. மும்பையின் குடியிருப்போர் சங்கங்கள் மசூதி ஒலிபெருக்கிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2025 ஜனவரி 23 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம், புகார் தருபவரின் அடையாளத்தைக் கேட்காமலும் வெளியிடாமலும் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், பிறகு கருவி பறிமுதல், அனுமதி நீக்கம் என்ற படிமுறையையும் காட்டியது. ஒலிபெருக்கி எந்தச் சமயத்துக்கும் இன்றியமையாத பகுதியன்று என்றும் கூறியது.

தண்டனையின் வரலாறும் கவனத்துக்குரியது. 1860இன் 200 ரூபாய் அபராதம், பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதுதான் 1,000 ரூபாயாயிற்று. மறுபுறம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஐந்தாண்டுச் சிறைவரை இருந்த தண்டனை, 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய்வரையான பணத்தண்டமாக மாறியது. ஒன்று அஞ்சத் தகாத அளவுக்குச் சிறியதாயிருந்தது. மற்றது தெருமுனை ஒலிபெருக்கிக்காரர்மேல் ஏவத் தயங்கும் அளவுக்குப் பெரியதாயிருந்தது. நடுவில் நின்றது அதிகாரியின் விருப்புரிமை.

விருப்புரிமை இருக்கும் இடத்தில் தேர்ந்தெடுத்து ஏவும் வாய்ப்பும் இருக்கும். 2022இல் மகாராஷ்டிரத்தில் மசூதி ஒலிபெருக்கிகள் அரசியல் கிளர்ச்சியின் பொருளாயின. உத்தரப் பிரதேசத்தில் வழிபாட்டிடங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான ஒலிபெருக்கிகள் அகற்றப்பட்டன. டெசிபல் என்ற நடுநிலைச் சொல்லைக் கொண்டே 1893இன் பூசலை மீண்டும் நடத்த முடியும் என்பதை அவ்வாண்டு காட்டியது. அதே வேளையில், இரைச்சல் எதிர்ப்பெல்லாம் சமயப் பகை என்று ஒதுக்குவதும் தவறு. கல்கத்தாவில் சிறைப்பட்ட செவியாளருக்குக் கிடைத்த உரிமை எல்லாச் சமயத்து நோயாளிக்கும் மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் உரியது.

இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதே ஆய்வாளரின் கடமை. அதற்கான ஆவணங்கள் தீர்ப்புத் தொகுதிகளில் பாதியே கிடைக்கும். மறுபாதி காவல் நிலையங்களில் கிடக்கும் அனுமதிச் சீட்டுகளிலும் புகார்ப் பதிவேடுகளிலும் உள்ளது: எந்த விழாவுக்கு எத்தனை மணிவரை அனுமதி, எந்தப் புகாருக்கு எத்தனை நாளில் நடவடிக்கை, எந்தக் கட்டுமானத் தளத்தின்மேல் ஒருமுறைகூட அளவுகருவி வைக்கப்படவில்லை என்பன. அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே நகரம் நகரமாகத் திரட்டி ஒப்பிட்டால், 45 டெசிபல் என்ற எண் எல்லாத் தெருவிலும் ஒரே எண்தானா என்பது தெரிய வரும்.